தனித்தேனீக்கு ஒரு வீடு

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் வீட்டைக் கட்டி முடித்துத் தோட்டத்தில் நிறுத்தி, அதில் குடித்தனமும் ஏறிய பிறகு, ஒரு துளித் தேன்கூட அதிலிருந்து கிடைக்காது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுவது நியாயம். தேனீ என்றவுடன் ராணியும் அவளுடைய பல்லாயிரம் ஊழியக்காரிகளும், அடை அடையாகத் தொங்கும் மெழுகும், பிழிந்தால் வழியும் தேனுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று நம் நாட்டார் பெயரிட்டு அறிந்திருப்பவையும், பிற்காலத்தில் வந்து சேர்ந்த இத்தாலியத் தேனீயும் அத்தகைய சமூக ஜீவிகளே. ஆனால் உலகில் இதுவரை பெயரிட்டு வகைப்படுத்தப்பட்ட தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000. இந்தியாவில் மட்டும் 700-க்கும் மேல். இவற்றில் மிகப் பெரும்பான்மையானவை அரசும் குடியும் அற்றவை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வளை கண்டு, தானே உணவு சேர்த்து, தானே முட்டையிட்டு, தன் சந்ததியின் முகத்தைப் பெரும்பாலும் காணாமலே மாண்டுபோகிறது. தேனைச் சேமித்துவைக்க அதற்கு அவகாசமுமில்லை, அவசியமுமில்லை. இவற்றையே இங்கே தனித்தேனீ என்று வழங்குகிறோம்.

தேன் இல்லையென்றால் இந்தப் பிரயாசை எதற்கு என்று கேட்பவருக்குக் கத்தரிச் செடியே பதில் சொல்லும். கத்தரி, தக்காளி ஆகியவற்றின் பூவில் மகரந்தப் பைகள் தூளை வெளிப்படையாகக் கொட்டுவதில்லை. நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாகத்தான் அது வெளிப்பட வேண்டும். அடை கட்டும் தேனீக்கு அதை வெளிக்கொணரும் வித்தை தெரியாது. நீலவரித் தேனீயும், கருவண்டு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் தச்சுத் தேனீயும், பூவை இறுகப் பற்றிக்கொண்டு, இறகை விரிக்காமலே மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கின்றன. அந்த அதிர்வில் தூள் பொழிந்து அவற்றின் மேனியில் படிகிறது. காலை வேளையில் கத்தரிப் பாத்தியருகே சற்று நின்றால், பறக்கும்போது கேட்ட ரீங்காரம் பூவில் அமர்ந்த மாத்திரத்தில் கூரிய சுருதிக்கு ஏறி, விட்டுவிட்டு ஒலிப்பதைக் காதாலேயே அறியலாம். ஆவாரம்பூவின் அமைப்பும் இத்தகையதே. முருங்கைப் பூவுக்கும் எருக்கம்பூவுக்கும் தச்சுத் தேனீ முக்கியமான தூது. துவரைப் பூவின் கீழிதழை அழுத்தித் திறப்பதில் இலைவெட்டித் தேனீக்கு இணை சொல்வது கடினம். இந்த உபகாரத்தைப் பிற தேசத்தார் எப்போதோ கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜப்பானில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் 1940-களிலிருந்தே நாணல் கட்டுகளைத் தொங்கவிட்டு ஒருவகைத் தனித்தேனீயைப் பேணிவருகிறார்கள். வட அமெரிக்காவில் குதிரைமசால் விதை உற்பத்தி, துளையிட்ட பலகைகளில் குடியேற்றப்பட்ட இலைவெட்டித் தேனீயைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

வீடு கட்டுவதற்கு முன்னால் குடியிருக்க வருபவரை அறிந்துகொள்வது முறை. நம் தோட்டத்துக்கு வரக்கூடியவர்களில் முதன்மையானது இலைவெட்டித் தேனீ. ரோஜா, மந்தாரை, துவரை, புங்கு இவற்றின் இலை விளிம்பில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியெடுத்ததுபோல அரைவட்டமாகக் குறை விழுந்திருந்தால் அது இதன் கைவரிசை. இலையைத் தின்னும் புழு தாறுமாறாகக் கடிக்கும். இதுவோ விளிம்பின் இருபுறமும் கால் வைத்து நின்றுகொண்டு, தாடையால் ஒரே ஓட்டமாக வளைத்து நறுக்கி, துண்டு இலையினின்றும் விடுபடும் தருணத்தில் அதனோடு தானும் விழுவதுபோல் விழுந்து, அக்கணமே இறகு விரித்து, சுருட்டிய துண்டை வயிற்றின் அடியில் பற்றிக்கொண்டு பறந்துவிடும். அரை நிமிஷத்துக்குள் காரியம் முடிந்துவிடும். நீள்வட்டமாக வெட்டிய துண்டுகளால் வளைக்குள் சுவர் அமைத்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்த உணவை அதில் நிரப்பி, மேலே ஒரு முட்டையிட்டு, பிறகு வட்டமாக வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி, அந்த மூடியின்மேலேயே அடுத்த அறையைத் தொடங்குகிறது. வளை நிறைந்தபின் பிளந்து பார்த்தால் உள்ளிருக்கும் அறைவரிசை பச்சிலையில் சுற்றிய திருச்சிச் சுருட்டாகவே தோன்றும். ரோஜாத் தோட்டக்காரருக்கு இதன்மேல் ஒரு மனஸ்தாபம் உண்டு. இலையில் நாலு ஓட்டை விழுந்ததும் விஷமருந்துப் புட்டியைத் தேடி ஓடுபவர்கள், அதனால் செடிக்கு யாதொரு கேடும் வருவதில்லை என்பதையும், தங்கள் அவரைப் பந்தல் காய்க்காமற்போனால் அதற்குக் காரணம் அந்தப் புட்டியாகவே இருக்கலாம் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

இரண்டாவது தச்சுத் தேனீ. உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் தாடையால் குடைந்து உள்ளே வாசம் செய்யும். உருவத்தில் பெரியது, நிறத்தில் கறுப்பு, சத்தத்தில் பயங்கரம், சுபாவத்தில் சாது. மூன்றாவது நீலவரித் தேனீ. வயிற்றின் குறுக்கே பளபளக்கும் நீலப் பட்டைகள் கொண்டது. மண்சுவரிலும், பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கிலும், மேட்டுச் சரிவிலும் வளை தோண்டுவது. இதன் ஆண்கள் அந்தி வேளையில் காய்ந்த புல் தண்டு ஒன்றில் வரிசையாகக் கூடி, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, அப்படியே இரவு முழுதும் உறங்கும் காட்சியை விளக்கெடுத்துச் சென்று பார்ப்பது பொழுதுக்குத் தகும். தேனீக்களில் கொடுக்கு பெண்ணுக்கு மட்டுமே உண்டு. தனித்தேனீப் பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அபூர்வம். காப்பதற்குக் கூட்டமும் தேன் பண்டாரமும் இல்லாததால் கூட்டருகே வருபவர்மீது பாய்வதற்கு அதற்கு முகாந்தரமில்லை. ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டிலும் இதை அச்சமின்றி வைக்கலாம். பூச்சிக்கடி உடம்புக்கு ஒவ்வாதவர் மட்டும் வழக்கமான ஜாக்கிரதையோடு விலகி நிற்பது நலம்.

வீட்டின் உயிர் அதன் துளையில் இருக்கிறது. கூரையும் சாயமும் நம் கண்ணுக்கு. துளையின் அகலம், ஆழம், வழவழப்பு, பின்பக்க மூடல், ஈரமின்மை ஆகிய இவையே குடிவருபவர் சோதித்துப் பார்ப்பவை. இவற்றுள் ஆழத்தை நம்மவர் அலட்சியம் செய்வதும், கடையில் அலங்காரத்துக்கென்று விற்பனையாகும் வீடுகளில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் ஆழம் இல்லாதிருப்பதும் பெரிய குறை. அது ஏன் குறையென்பதைப் பிரெஞ்சு தேசத்துப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர் (1823–1915) தம் வீட்டு ஆராய்ச்சி அறையிலேயே கண்டறிந்தார். நாணல் துண்டுகளையும் கண்ணாடிக் குழாய்களையும் கொடுத்துத் தனித்தேனீக்களை அங்கே குடியேற்றிய அவர், தாய் தன் இஷ்டப்படி ஆண் முட்டையோ பெண் முட்டையோ இடுகிறதென்றும், உருவில் பெரிய பெண்களுக்கான அறைகளை வளையின் உட்கோடியிலும், சிறிய ஆண்களுக்கானவற்றை வாயிலை ஒட்டியும் அமைக்கிறதென்றும் கண்டார். குறுகியதும் ஆழமற்றதுமான குழாயைக் கொடுத்தபோது தாய் அதில் பெரும்பாலும் ஆண்களையே இட்டது. கருவுற்ற முட்டை பெண்ணாகவும் கருவுறாத முட்டை ஆணாகவும் வளர்வதும், தேவைக்கேற்பக் கருவுறச் செய்யும் சக்தி தாயிடம் இருப்பதுமே இதன் ரகசியம். வாயிலருகே இருக்கும் ஆண்கள் முதலில் வெளிவந்து, பின்னால் வரும் பெண்களுக்காகக் காத்திருக்கின்றன. எனவே ஆழமற்ற துளைகள் நிறைந்த அழகிய வீடு ஒன்றைத் தோட்டத்தில் நிறுத்துகிறவர், மகரந்தம் சுமக்காத ஆண்களையே உற்பத்தி செய்துகொண்டு, தேனீ பெருகவில்லையே என்று ஏங்க நேரும்.

ஆகையால் 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள துளைக்கு 6 அங்குல ஆழம் கொடுங்கள். 5 அங்குலத்துக்குக் குறையவே வேண்டாம். 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு துளைகளுக்கு 3 அல்லது 4 அங்குலம் போதும். இலைவெட்டித் தேனீக்கு ஏற்ற அகலம் 6 முதல் 8 மில்லிமீட்டர். அவ்வினத்தில் பெரியவற்றுக்கு 10 வரை போகலாம். எல்லாத் துளையும் ஒரே அகலமாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. பாதிக்கு மேற்பட்டவை 6 முதல் 8 வரையிலும், மிச்சம் அதற்குக் கீழும் மேலுமாக இருந்தால் பலதரப்பட்ட குடிகளும் வந்து சேரும்.

துளைக்குச் சிறந்த பொருள் மூங்கில். பந்தல் போடவும் தட்டி கட்டவும் வாங்கும் மெல்லிய மூங்கிலின் நுனிப் பகுதியும், அதன் பக்கக் கிளைகளும் வேண்டிய அகலத்தில் கிடைக்கும். கழிவென்று ஒதுக்கப்படும் அந்தத் துண்டுகளைக் கேட்டால் மூங்கில் கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிடுவார். பச்சை மூங்கிலை அறுத்த கையோடு பயன்படுத்தினால் அதிலுள்ள மாவுச்சத்தை நாடி உளுப்பூச்சி வந்து சில மாதங்களில் தூளாக்கிவிடும். பழங்காலத்தவர் மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டி, குளத்து நீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்தினார்கள். தேய்பிறையைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. ஊறப்போடுவதில் மாவுச்சத்து குறைந்து போகிறது என்பது நிச்சயம். தொட்டித் தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாள் ஊறவைத்து, நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி, நன்றாகக் காயவிட்டால் போதுமானது.

உலர்ந்த மூங்கிலை ஒவ்வொரு கணுவுக்கும் பின்புறம் ஒட்டி அறுக்க வேண்டும். அப்போது கணுவே துண்டின் பின்சுவராக அமைந்துவிடும். முன்வாய் மட்டும் திறந்திருக்கும். இருபுறமும் திறந்த குழாயைத் தேனீ ஏறெடுத்தும் பார்க்காது. கணு கிடைக்காத துண்டாயின் பின்வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவிடலாம். அரிவாளால் வெட்டினால் மூங்கில் நெடுகப் பிளந்து, அந்தப் பிளவு வழியாக ஈரமும் எறும்பும் புகும். பல் நெருங்கிய ரம்பத்தால் மெதுவாக அறுப்பதே முறை. அறுத்தபின் வாயோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, உருண்டையான அரம் ஒன்றை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, உட்புறச் சவ்வையும் தூசியையும் ஊதிவிடுங்கள். இதை வீண் வேலையென்று எண்ணலாகாது. தேனீ வளைக்குள்ளிருந்து பல சமயம் பின்புறமாகவே ஊர்ந்து வெளிவருகிறது. அவ்வேளையில் எதிர்நோக்கி நிற்கும் ஒரு சிம்பு போதும், கண்ணாடிபோன்ற அதன் இறகைக் கிழித்துவிட. ஆற்றோரத்து நாணலும் இதேவிதமாகப் பயன்படும். ஆமணக்குத் தண்டும் பயன்படும், ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. பப்பாளிக் காம்பு அழுகிவிடும். பிளாஸ்டிக் குழாயையும் கண்ணாடிக் குழாயையும் அடியோடு விலக்குக. ஃபாப்ர் கண்ணாடியை உபயோகித்தது உள்ளே நடப்பதைக் கண்ணால் காண்பதற்காக. தோட்டத்தில் வைத்தால் அதன் உட்சுவர் வேர்த்து, மகரந்த உணவில் பூஞ்சணம் பிடித்து, புழு மாண்டுபோகும்.

மூங்கில் கிடைக்காதவர் மரக்கட்டையில் துளையிடலாம். பூவரசு, மா, வாகை, புளி என்று எந்தக் காய்ந்த கட்டையானாலும் சரி. 7 அங்குலக் கனமுள்ளதாகப் பார்த்துக்கொள்க. கட்டையின் வெட்டுமுகத்தில், அதாவது வளையங்கள் தெரியும் பக்கத்தில், துளையிடுவது பார்வைக்கு அழகாயிருந்தாலும் வெயிலில் அந்த முகம் நட்சத்திரமாக வெடித்துத் துளைகளைப் பிளந்துவிடும். பட்டை இருந்த பக்கத்திலிருந்து ரேகைக்குக் குறுக்காகத் துளைப்பதே சரி. துளைக்கும் துளைக்கும் இடையே முக்கால் அங்குலமாவது இருக்கட்டும். மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடாமல் முக்கால் அங்குலம் மிச்சம் விட்டு நிறுத்துங்கள். நீண்ட துரப்பண ஊசி பட்டறைக்காரரிடம் இருக்கும். மருந்தடித்த மரமும், பசையில் ஒட்டிய பிளைவுட்டும் இதற்கு உதவா.

மூங்கில் துண்டுகளை வைக்கும் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய பழப்பெட்டிப் பலகையைப் பிரித்து, உள்ளளவில் 8 அங்குல அகலம், 8 அங்குல உயரம், 8 அங்குல ஆழமுள்ளதாக, முன்பக்கம் திறந்த பெட்டியாக அடித்துக்கொள்ளுங்கள். துண்டுகள் 6 அங்குல நீளமாகையால் முன்னால் 2 அங்குலம் உள்வாங்கி நிற்கும். அந்த இடைவெளியே சாரலுக்குக் காப்பு. துண்டுகளை வாய் வெளிப்பக்கம் பார்க்க, அகலமானதும் குறுகியதும் கலந்து, கையால் அசைத்தால் அசையாதபடி நெருக்கமாகச் செருகி, இடுக்குகளில் களிமண்ணோ மெல்லிய குச்சிகளோ திணித்துவிடுக. எல்லா முனைகளையும் ஒரே மட்டமாக நிறுத்த வேண்டாம். சில துண்டுகள் அரை அங்குலம் முன்னும் பின்னுமாக இருந்தால் தேனீ தன் வளையை அடையாளம் கண்டுகொள்ளச் சௌகரியம். கூரைக்கு ஒரு நாட்டு ஓட்டையோ மங்களூர் ஓட்டையோ முன்புறம் 3 அங்குலம் நீளச் சாய்த்து வைத்துக் கட்டுக்கம்பியால் பிணைத்துவிட்டால் தீர்ந்தது. தகரக் கூரை சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். வார்னிஷும் சாயமும் உட்புறத்தில் வேண்டாம். வெளிப்புறத்தில் பூசியே ஆகவேண்டுமென்று மனம் அடித்துக்கொண்டால், பூசி, வாடை முற்றிலும் போகும்வரை ஒரு மாதம் ஒதுக்கி வைத்தபிறகு துண்டுகளைச் செருகலாம்.

எங்கே, எத்திசை நோக்கி வைப்பது என்பதில் நம் நாட்டுக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. குளிர்நாட்டு நூல்கள் முழு வெயிலில் தெற்கு நோக்கி வை என்று சொல்லும். அதை அப்படியே பின்பற்றினால் இங்கே பங்குனி சித்திரையில் புழு வெந்துபோகும். தேனீக்கு வேண்டுவது இளவெயில். உடம்பு சூடேறினால்தான் அதனால் பறக்க முடியும். ஆதலால் கிழக்குப் பார்த்த வாயிலே உத்தமம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடிப்பதோ அதே பக்கத்திலிருந்து. இவ்விரண்டுக்கும் சமாதானமாகத் தென்கிழக்கு நோக்கி வைத்து, வடபுறம் ஒரு சுவரோ அடர்ந்த செடியோ மறைக்கும்படி பார்த்துக்கொள்வது சோழமண்டலக் கரையோரத்துக்கும் உள்மாவட்டங்களுக்கும் பொருந்தும். தென்மேற்கு மழை வலுவாகப் பெய்யும் கன்னியாகுமரிப் பக்கத்தாரும் மலையோரத்தாரும் மேற்கையும் தெற்கையும் மறைத்துக்கொள்ள வேண்டும். எங்கேயானாலும் காலை பத்து மணிவரை வெயில் விழுந்து, அதன்பின் மரநிழலோ வீட்டு நிழலோ மூடும் இடமே தக்கது. நிலத்திலிருந்து 4, 5 அடி உயரத்தில், காற்றில் ஊசலாடாமல், சுவரிலோ கம்பத்திலோ உறுதியாகப் பொருத்துங்கள். கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. பறந்துவந்த தேனீ துளையை நாடும்போது துளை விலகி விலகிப் போனால் அது வேறிடம் பார்த்துக்கொள்ளும். மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் தருணம், ஆடியில் விதைத்த துவரை பூவோடு நிற்கும் காலம், வீட்டை நிறுவ மிகவும் ஏற்றது.

நம் ஊரில் இவ்வீட்டின் முதற்பெரும் சத்துரு எறும்பு. மகரந்த உணவின் வாசனை கண்டு ஒருநாள் இரவில் வந்தாலும் முழு வீட்டையும் சூறையாடிவிடும். அக்காலத்தில் உணவு அலமாரியின் நாலு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அந்த உபாயமே இங்கும் கைகொடுக்கும். தனிக் கம்பத்தில் வீட்டைப் பொருத்தி, கம்பத்தின் அடியைத் தண்ணீர் நிறைந்த அகன்ற சட்டியில் நிறுத்தலாம். அல்லது கம்பத்தின் நடுவே ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் தடவி, தூசி படிந்து காயும்போதெல்லாம் புதுப்பிக்கலாம். சட்டித் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பதால் வாரம் ஒருமுறை கொட்டி நிரப்ப வேண்டும். வீட்டின்மேல் ஒரு கொடியோ கிளையோ உராய்ந்துகொண்டிருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வியர்த்தம். எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும். ஓணான், மரங்கொத்தி இவற்றைத் தடுக்கப் பெட்டியின் முன்வாயில் கோழிவலைக் கம்பியை அடித்துவிட்டால் போதும். தேனீ அதன் கண்களுக்குள் புகுந்து போக உடனே பழகிக்கொள்கிறது.

நீலவரித் தேனீ மேற்சொன்ன மூங்கிலில் குடியேறாது. அதற்கு மண்வீடுதான் வேண்டும், அதுவே செலவில்லாதது. ஒரு சிறு மரப்பெட்டியையோ, விளிம்பு உடைந்த பூந்தொட்டியையோ எடுத்து, செம்மண்ணும் மணலும் கலந்து பிசைந்து, காற்றறை விழாமல் அழுத்தி நிரப்புங்கள். சிமெண்டு ஒரு சிட்டிகையும் சேர்க்கலாகாது. காய்ந்தபின் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். கீறல் விழுந்து பொடி உதிர்ந்தால் பதம் சரி. நகம் வழுக்கினால் களி அதிகம், மணலைக் கூட்டிப் பிசைக. தானாகவே பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் அதிகம். சற்று ஈரமாயிருக்கும்போதே பென்சில் கனத்தில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஏழெட்டுக் குழிகளை முகப்பில் குத்திவைத்தால், மீதியைத் தேனீயே தோண்டிக்கொள்ளும். பெட்டியை மண்முகம் பக்கவாட்டில் நிற்கும்படி, மழை நனைக்காத தாழ்வாரத்தில் வையுங்கள். முன்னாளில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணைச் சுவரும் மாட்டுக்கொட்டகைச் சுவரும் இந்தச் சேவையைக் கேளாமலே செய்துகொண்டிருந்தன. இப்போது சுவரெல்லாம் சிமெண்டு, வாசலெல்லாம் தளக்கல். தனித்தேனீ இனங்களில் பெரும்பாலானவை தரைக்குள் வளை தோண்டுபவை என்பதை நினைத்தால், பெட்டி எத்தனை அடித்தாலும் தோட்டத்தின் ஒரு மூலையில் நாலடிச் சதுரம் வெயில் படும் வெறும் தரையை, கொத்தாமலும் தளம் போடாமலும், விட்டுவைப்பதற்கு ஈடாகாது.

தச்சுத் தேனீக்குத் தனியே ஓர் உலர்ந்த மென்மரக் கட்டையோ, உட்புறம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை அகலமுள்ள, ஒருபுறம் கணு மூடிய ஓரடி மூங்கில் துண்டுகள் நாலைந்தோ கூரையடியில் கிடையாகக் கட்டிவிடுக. இதனால் வேறோர் அனுகூலமும் உண்டு: அது உங்கள் வீட்டு உத்தரத்தைக் குடைவதை அநேகமாக விட்டுவிடும்.

வீடு நிறுவியபின் அதன் முகப்பைப் படிக்கப் பழக வேண்டும். துளையின் வாய் வட்டமான இலைத் துண்டுகளால் மூடப்பட்டு, முதலில் பச்சையாயிருந்து பிறகு பழுப்பேறினால், அங்கே இலைவெட்டித் தேனீயின் குடும்பம் இருக்கிறது. பிசின் பூச்சாயின் அதே குலத்துப் பிசின்தேனீ. மெல்லிய கண்ணாடித் தாள்போன்ற சவ்வு, மிகச் சிறிய துளைகளில் மட்டும் காணப்பட்டால், அது மஞ்சள்முகத் தேனீ தன் உமிழ்நீரால் நெய்தது. புல் நுனிகள் கற்றையாக நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுக்கிளி இனத்தை வேட்டையாடும் குளவி; மண் பூச்சானால் தேனீயாகவும் இருக்கலாம், குளவியாகவும் இருக்கலாம். குளவியைக் கண்டு துரத்த வேண்டாம். குளவி ஒரு புழுவைக் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடுகிறதென்று பிரமர கீட நியாயம் என்ற பெயரில் வேதாந்திகள் ஒரு திருஷ்டாந்தம் சொல்வதுண்டு. தத்துவத்துக்கு அது பொருந்தலாம். உண்மையில் நடப்பது, கொட்டி மரத்துப்போகச் செய்த புழுவைத் தன் குஞ்சுக்கு ஆகாரமாக அடைத்துவைப்பதே. அந்தப் புழு பெரும்பாலும் நம் காய்கறிச் செடியைத் தின்றுகொண்டிருந்த புழுவாதலால், தோட்டக்காரருக்குக் குளவியும் சிநேகிதனே.

சிநேகிதரல்லாத சிலரும் வருவார்கள். பச்சையும் நீலமுமாக ரத்தினம்போல் மின்னிக்கொண்டு துளைகளருகே ஒளிந்து திரியும் குயில்குளவியும், வால் கூம்பிய குயில்தேனீயும், தாய் வெளியே போன நேரம் பார்த்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போகும். அவற்றின் புழு உரிய குஞ்சைக் கொன்று உணவைத் தின்றுவிடும். இயற்கையில் வளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருப்பதால் இந்தச் சேதம் மட்டோடு நிற்கிறது. நாமோ நூறு துளைகளை ஓரிடத்தில் கூட்டிவைத்துத் திருடனுக்கு வழிகாட்டுகிறோம். ஆள் உயரத்துக்குப் பிரம்மாண்டமான தேனீ மாளிகை எழுப்பிப் பூங்காக்களில் நிறுத்தும் இக்கால மோகத்தை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவே காரணம். சிறு வீடுகள் மூன்றைத் தோட்டத்தின் வெவ்வேறு பக்கங்களில் வைப்பது, பெரிய வீடு ஒன்றைக் காட்டிலும் எவ்விதத்திலும் மேலானது.

பழைய துளைகளில் பூஞ்சணமும் உண்ணியும் ஆண்டுக்காண்டு பெருகுமாதலால், மூங்கிலை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். அதற்குள் குஞ்சுகள் இருக்குமே என்ற சந்தேகம் எழும். நம் வெப்பத்தில் ஒரே ஆண்டில் பல தலைமுறைகள் தோன்றுவதால், எந்த நாளில் பார்த்தாலும் சில துளைகள் மூடியே இருக்கும். அதற்கு வழி இது: மார்கழியில் புதுத் துண்டுகள் செருகும்போது, மூடிய பழைய துண்டுகளை மட்டும் பொறுக்கி, வெளிச்சம் புகாத ஒரு மரப்பெட்டியில் கிடையாக அடுக்கி, பெட்டியின் முன்புறத்தில் அரை அங்குலத் துளை ஒன்று மட்டும் இட்டு, புது வீட்டின் அருகே மழைக்கு ஒதுக்காக வைத்துவிடுக. உள்ளே பொரிந்து வருபவை வெளிச்சத்தை நாடி அத்துளை வழியே வெளியேறும். இருட்டுப் பெட்டிக்குள் திரும்பிப் போய்ப் பழைய வளையில் முட்டையிட அவற்றுக்கு மனம் வராது, பக்கத்திலேயே புது வளைகள் காத்திருக்கின்றன. துண்டின்மேல் மூடிய மாதத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவந்தால், எது பொரிந்தது எது பொரியவில்லை என்பது தெரியும். அடுத்த மார்கழிவரை பொறுத்திருந்து, அதன்பிறகும் திறக்காத துண்டுகளில் ஒன்றிரண்டைப் பிளந்து பாருங்கள். பூஞ்சணமோ உலர்ந்த புழுவோதான் இருக்கும். அவற்றை எருக்குழியில் போடாமல் கொளுத்திவிடுங்கள். மரக்கட்டை வீடாயின் துளைகள் காலியானபின் அதே அளவுள்ள துரப்பண ஊசியை மறுபடி உள்ளே ஓட்டிச் சுரண்டி, இரண்டு நாள் கடும் வெயிலில் காயவைத்து, மீண்டும் உபயோகிக்கலாம்.